பங்கு விற்பனையும் ஆதாய வரியும்

ஓசூரில் ரோஜாத் தோட்டமும் கிருஷ்ணகிரியில் மாந்தோப்பும் வைத்திருக்கும் நம் அங்கத்தினர் சிலரிடம் கம்பெனிப் பங்குகளும் உண்டு. 1984-இல் டாடா குழுமமும் டிட்கோவும் கூடி ஆரம்பித்த டைட்டன் கம்பெனி ஓசூரில் தொழிற்சாலை நிறுவியது. 2011-இல் அதன் பத்து ரூபாய்ப் பங்கு ஒன்று, ஒரு ரூபாய்ப் பங்குகள் பத்தாகப் பிரிக்கப்பட்டது. ஒன்றுக்கு ஒன்று போனஸும் கிடைத்தது. ஆக, ஒன்று இருபதாயிற்று. மகளின் கலியாணத்துக்கென்று இத்தகைய பழைய பங்குகளை விற்க நேரிடின் வரி எவ்வளவு?

ஆதாய வரி புதிதன்று. 1947-இல் வந்து, சில ஆண்டுகளில் நீங்கி, திரு. டி. டி. கிருஷ்ணமாச்சாரி நிதி மந்திரியாயிருந்த 1956-இல் திரும்பியது. பங்குச் சந்தையில் விற்கப்படும் நீண்டகாலப் பங்குகளுக்கு 2004 அக்டோபரில் கிடைத்த விலக்கு 2018 மார்ச்சுடன் முடிந்தது. 23-7-2024 முதல், பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஆண்டு ஆதாயத்தில் 1,25,000 ரூபாய்க்கு மேற்பட்டதற்கு 12.5 சதவீதம் வரி. அதற்குள் விற்றால் 20 சதவீதம். ஆகவே சில நாள் பொறுத்தாலே லாபம்.

பலர் தவறுவது அசல் விலையைக் கணக்கிடுவதில்தான். 31-1-2018க்கு முன் வாங்கிய பங்குக்கு, அன்றைய உச்ச விலையையே அசலாகக் கொள்ளலாம் (விற்ற விலைக்கு மேற்படாமல்). விலையின்றி வந்த பழைய போனஸ் பங்குக்கும் இது பொருந்தும். உதாரணமாக, 50 ரூபாய்க்கு வாங்கிய 500 பங்குகள் அன்று 800 ரூபாய். இப்போது 1,300 ரூபாய் என்போம். 50 ரூபாயையே அசலாகக் காட்டுபவர் செஸ் உள்பட 65,000 ரூபாய் கட்டுவார். 800 ரூபாயைக் காட்டுபவருக்கு வரி 16,250 ரூபாய்தான். பாதியை மார்ச்சிலும் பாதியை ஏப்ரலிலும் அதே விலைக்கு விற்பவருக்கோ, வேறு பங்கு ஆதாயம் இல்லாதவரை, வரியே இல்லை. இடையில் விலை சரியக்கூடும் என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும்.

மனைவி பெயருக்குத் தானமாக மாற்றி விற்றால் ஆதாயம் கணவர் கணக்கிலேயே சேரும். இந்த யோசனையை நாம் யாருக்கும் சொல்லமாட்டோம். வயது வந்த மகனுக்கோ மகளுக்கோ கொடுத்தால் அவ்வாறு சேராது. ஆனால் பங்கு உண்மையாகவே அவர்களுடையதாகிவிடும்.

நீண்டகால நஷ்டத்தை நீண்டகால ஆதாயத்தில் மட்டுமே கழிக்கலாம். குறுகியகால நஷ்டத்தை இரண்டிலும் கழிக்கலாம். மீந்த நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை கொண்டுசெல்லலாம். அதற்கு, நஷ்டப்பட்ட ஆண்டின் வருமான வரிக் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்கவேண்டும். நம் சங்கப் பங்கைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அது முகமதிப்புக்கே திருப்பித் தரப்படுவதால் அதில் ஆதாயமும் இல்லை, இவ்வரியும் இல்லை.