வளவுத் தீயும் வளித் தூய்மையும்: தடைச் சட்டத்தின் சமூக அடிப்படை

வீட்டு வளவைக் கூட்டிச் சேர்த்த சருகையும் கஞ்சலையும் ஒரு மூலையிற் குவித்துத் தீ வைப்பது எம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். தத்தம் காணிக்குள் நிகழும் சொந்தச் செயலென்றே இது கருதப்பட்டு வந்துள்ளது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2017 செப்டெம்பர் 1ஆந் திகதி பிரசுரமான ஒழுங்குவிதி, பிளாத்திக்கு உள்ளிட்ட எரியத்தக்க கழிவுகளைத் திறந்த வெளியில் எரிப்பதைத் தடைசெய்தது. தடைக்குப் பின்னரும் வழக்கம் தொடர்கின்றது. இதனை மக்களின் அறியாமை என்று மட்டும் கூறி அமைதல் போதுமா என்பதே நாம் ஈண்டு ஆராய முற்படும் வினாவாகும்.

முதலில் இத்தீயின் இயல்பை நோக்குவோம். ஈரஞ் சேர்ந்த சருகுக் குவியல் சுவாலைவிட்டு எரிவதில்லை. குறைந்த வெப்பநிலையிற் கனன்று புகைகின்றது. போதிய ஒட்சிசன் கிடையாமையால் தகனம் நிறைவுறாது, காபனோரொட்சைட்டும் நுண்ணிய கரித்துணிக்கைகளும் வெளிப்படுகின்றன. 2.5 மைக்குரோமீற்றரிலும் சிறிய துணிக்கைகள் நுரையீரலின் ஆழம்வரை செல்லவல்லன. குளோரீன் அடங்கிய பிளாத்திக்கு வகைகள் உடன் எரியும்போது டையொக்சின் போன்ற நச்சுச் சேர்வைகளும் உருவாகின்றன. தொழிற்சாலைப் புகை உயர்ந்த குழாய்வழி வெளியேறுகிறது; வளவுப் புகையோ மனிதர் சுவாசிக்கும் மட்டத்திலேயே பரவுகின்றது. காற்றோட்டங் குன்றிய அதிகாலைகளில் அது நிலத்தையொட்டித் தங்கிவிடும். தீ மூட்டும் பெண்ணும், அயல்வீட்டுக் குழந்தையும், இழுப்பு நோயாளருமே முதலிற் பாதிப்புறுகின்றனர். எனவே இச்செயலைத் தனியுரிமை என வாதிப்பதற்கு இடமில்லை.

ஆயின் தடை எவ்வாறு நடைமுறையாகின்றது? இதற்கு அமெரிக்காவின் லொஸ் ஏஞ்செல்ஸ் நகரின் அனுபவம் தக்க சான்றாகும். அங்கு சமையற் கழிவை மாத்திரமே நகராட்சி சேகரித்து வந்தது. எரியத்தக்க குப்பையை ஒவ்வொரு குடும்பமும் வீட்டின் பின்புறத்து எரிகலனில் எரித்தது. இத்தகைய எரிகலன்கள் இலட்சக்கணக்கில் இருந்தன. மூடுபுகை கண்ணை எரிக்கத் தொடங்கியதும், 1947இல் மாவட்ட வளி மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு உருவாகியது. எனினும் வீட்டு எரிப்பு 1957 ஒக்ரோபரிலேதான் தடைசெய்யப்பட்டது. அத்தடையோடு, எரியத்தக்க குப்பையைச் சேகரிக்கும் பொறுப்பையும் நகராட்சி ஏற்றுக்கொண்டது. மாற்றுவழி வகுக்கப்பட்டமையாலேயே தடை நிலைத்தது.

இவ்வரலாற்றில் மேலும் இரு செய்திகள் கவனத்திற்குரியன. ஒன்று, தகரப் பேணிகளை வேறாகப் பிரித்து வைக்கும் வேலை இல்லத்தரசியர்மீது சுமத்தப்பட்டபோது அதிருப்தி எழுந்தது. அதனை ஒழிப்பதாக வாக்குறுதியளித்த சாம் யோட்டி 1961இல் நகர முதல்வராகத் தெரிவானார். மற்றையது, எரிகலன்கள் மறைந்த பின்னரும் மூடுபுகை மறையவில்லை. ஐதரோக்காபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் தாக்கமுற்று ஓசோனை உருவாக்குவதை விஞ்ஞானி ஹாகன்-ஸ்மிற் ஏலவே விளக்கியிருந்தார். மோட்டார் வாகனங்களே இவற்றின் பிரதான தோற்றுவாய். எனினும் வாகனப் புகைக்குரிய கட்டுப்பாடு கலிபோணியாவில் 1966ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளுக்கே நடைமுறையாகியது. இல்லத்தார் பணிந்து ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளின் பின்னரே பெருந்தொழில் பணிந்தது.

எமது நாட்டின் நிலையை இவ்வெளிச்சத்தில் நோக்குதல் வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வீட்டுக் குப்பையை அகற்றும் கடமையைச் சபைகளிடமே ஒப்படைத்துள்ளது. எரிப்போருக்குத் தண்டனை விதிக்கும் அரசு, குப்பை வண்டி வராத ஒழுங்கைக்கு யார் பொறுப்பு என்பதையும் கூறவேண்டும். சேகரிப்பு மட்டுமே தீர்வாகிவிடாது என்பதற்கு மீதொட்டமுல்ல சாட்சியாகும். கொழும்பு நகரின் குப்பை அங்கு வறிய மக்களின் குடியிருப்புகளையொட்டி மலையாகக் குவிக்கப்பட்டது. 2017 ஏப்பிரல் 14ஆந் திகதி அது சரிந்து 30இற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஓரிடத்துப் புகையை அகற்றி இன்னோரிடத்து மக்களின் தலையில் குப்பையை ஏற்றுவது சுற்றாடல் நீதியாகாது.

ஆகவே ஒழுங்குபடுத்தல் கழிவின் வகைக்கேற்ப அமைதல் வேண்டும் என்பது எமது கருத்தாகும். பிளாத்திக்கு, பொலித்தீன், இறப்பர் ஆகியவற்றை எரிப்பதற்கு எவ்வித விலக்கும் அளித்தலாகாது. அதேவேளை அவற்றைச் சந்தைக்கு விடுவோர் மீளப்பெறும் செலவிலும் பங்கேற்க வேண்டும். சருகோ கழிவே அன்று. பூவரசங் குழையைத் தாட்டுத் தோட்ட நிலத்தை வளப்படுத்திய யாழ்ப்பாண விவசாயிக்கு இலை பசளையாகவே இருந்தது. இரசாயனப் பசளை பரவியபின் அது எரிக்கும் பொருளாயிற்று. வளவுள்ள வீட்டில் பசளைக் குழியும், வளவற்ற நகர வீட்டுக்குக் குறித்த நாளிற் சேகரிப்பும், சபை மட்டத்தில் கூட்டெருத் தயாரிப்பும் அமையுமாயின் தீ மூட்டும் தேவை பெரிதுங் குறையும். தரம்பிரிக்கும் உழைப்பு பெண்கள்மீதும் துப்புரவுத் தொழிலாளர்மீதும் மட்டும் விழாதிருக்கச் செய்வதும் இத்திட்டத்தின் பகுதியாதல் வேண்டும்.

தூய வளி பொதுச் சொத்தாகும். அதனைக் காக்கும் கடமையை மக்களிடம் கோரும் உரிமை, தன் பங்கை நிறைவேற்றும் ஆட்சிக்கே முழுமையாக உண்டு.