மாரடைப்பிற்குப் பின் மருந்து

நோய் வந்தபோது மருந்துண்பது உலக வழக்கம். நோவு நின்ற பின்னரும் மருந்துண்ண வேண்டும் என்பதோ பலர் மனத்திற்கு எளிதில் உடன்பாடாவதில்லை. ஆயினும் மாரடைப்பிலிருந்து பிழைத்தவருக்கு இதுவே உயிர்காக்கும் கடமையாகும். அதன் காரணத்தை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

இருதயம் உடலெங்கும் இரத்தத்தைச் செலுத்துவதெனினும், தனக்கு வேண்டிய இரத்தத்தைத் தன்மேற் படர்ந்துள்ள சிறு நாடிகளின் வழியாகவே பெறுகின்றது. அந்நாடிகளின் உட்சுவரிற் பல்லாண்டுகளாகக் கொழுப்புப் படிந்து தடிப்புண்டாகின்றது. ஒருநாள் அத்தடிப்பு வெடிக்க, அவ்விடத்தே இரத்தம் உறைந்து வழியை அடைக்கின்றது. அடைப்பிற்கு அப்பாலுள்ள தசை மடியத் தொடங்குகின்றது. இதுவே மாரடைப்பு. அடைப்பு நீங்கி வலி தீர்ந்தமையால் அபாயம் முற்றும் அகன்றதென்று கொள்ளலாகாது. இரத்தம் மீண்டும் உறையலாம். துடிப்பின் ஒழுங்கு குலையலாம். இருதயம் விரிந்து தளர, நுரையீரலில் நீர் கோக்கலாம். இருதய அறையினுள் உறைந்த கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதம் விளைக்கலாம். பின்வரும் மருந்துகள் இத்தகைய கேடுகளைத் தடுக்கவே கொடுக்கப்படுகின்றன.

முதலாவது ஆஸ்பிரின். தலைவலி மாத்திரையாக நெடுங்காலம் வழங்கிய இது, இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாவண்ணம் தடுக்கும். 1988-ஆம் ஆண்டில் வெளியான பேராராய்ச்சி ஒன்று 17,187 நோயாளிகளை உட்கொண்டது. ஐந்து வாரங்களுள், ஆஸ்பிரின் பெறாதோரில் ஆயிரத்துக்கு 118 பேர் இருதய, இரத்தக்குழாய்க் கோளாறுகளால் இறக்க, பெற்றோரில் 94 பேரே அவ்வாறு இறந்தனர். இதற்குத் துணையாவது குளோபிடோக்ரெல். நாடியில் ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாய் பொருத்தப்பட்டவர் பெரும்பாலும் ஓராண்டளவு இவ்வகை மருந்துகள் இரண்டினையும் சேர்த்துண்பர். இடையில் நிறுத்தின் அக்குழாயினுள்ளேயே இரத்தம் உறையக்கூடும்.

இரண்டாவது கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை. ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ பூஞ்சணத்திலிருந்து இவ்வகையின் முதல் மருந்தை 1970-களிற் கண்டறிந்தார். 1994-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 நோயாளிகளிடம் நடந்த ஆராய்ச்சி, இவ்வகையைச் சேர்ந்த சிம்வாஸ்டாட்டினால் மரணம் நூற்றுக்கு முப்பது பங்கு குறைந்தமையைக் காட்டிற்று. மூன்றாவது, தளர்ந்த இருதயம் மேலும் விரியாமற் காக்கும் காப்டோபிரில், ராமிப்ரில் போன்றவை. நான்காவது, துடிப்பின் வேகத்தைத் தணிக்கும் பீட்டா தடுப்பிகள். இருதய வலிமை குன்றாதவருக்கு இவற்றாற் பயன் காணப்படவில்லை என்று 2024-இல் ஓர் ஆராய்ச்சி கூறிற்று. ஆதலின் எவருக்கு எது வேண்டும் என்பதை மருத்துவரே துணிதல் வேண்டும்.

மருந்து பயன்படுதற்குக் காலமும் இன்றியமையாதது. இதனை உணர்ந்தே தமிழ்நாட்டு அரசு 2023-இல் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கிற்று. மாரடைப்பின் குறியுடன் ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைந்தவருக்கு ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8 ஆக 14 மாத்திரைகளை உடனே அளித்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது அதன் முறை. நெஞ்சுவலி கண்டால் ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலில் இருசக்கர வண்டியில் அலையாமல் 108-ஐ அழைத்தலே நன்று. இம்மாத்திரைகளைத் தாமே வாங்கி விழுங்குதலும் தகாது. குடற்புண்ணோ மூளையில் இரத்தக்கசிவோ உடையவருக்கு அவை தீங்காய் முடியும்.

முதல் நாள் மருந்தை மறுப்பார் இலர்; ஆறாம் மாதத்து மருந்தையே மறப்பர். 2011-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி 17 நாடுகளின் மக்களை ஆராய்ந்தது. இந்தியாவும் அடங்கிய வறிய நாடுகளில், இருதய நோயோ பக்கவாதமோ கண்டவருள் நூற்றுக்கு எண்பதின்மர் இம்மருந்துகளுள் ஒன்றையேனும் உண்டிலர் என்பது அதன் முடிபு. விலையும் தொலைவும் இதற்குக் காரணமாகலாம். ஆனால் 'உடம்பு நலமாயிற்றே, இனி எதற்கு?' என்னும் எண்ணத்தையும் யாம் எங்கும் கேட்கின்றோம்.

தாம்பரத்தில் வாழ்வார்க்கு இவ்வெண்ணத்தின் பிழையை விளக்குதல் எளிது. நம் அண்டையிலுள்ள சானடோரியம் 1928-இல் டாக்டர் சௌரி முத்துவால் காசநோயாளருக்கென நிறுவப்பட்டது. தூய காற்றும் ஓய்வுமே அந்நாளில் மருந்து. பின்னர், 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. ஓராண்டு ஒழுங்காக மருந்துண்டால், வீட்டிலிருப்போரும் சானடோரியத்திலிருப்போர்க்கு நிகராகக் குணமடைவர் என்று அது 1959-இல் உலகிற்குக் காட்டிற்று. இருமல் நின்றதும் மருந்தை விட்டவருக்கோ நோய் திரும்பிற்று. காசநோய் மருந்திற்கு ஒரு முடிவு நாள் உண்டு; இருதய மருந்துகளுட் பலவற்றிற்கு அதுவுமில்லை. வேற்றுமை இஃதொன்றே.

மருந்தால் வறட்டிருமலோ தசைவலியோ இரத்தக்கசிவோ தோன்றலாம். அப்போது மருத்துவரிடம் உரைத்து மாற்று மருந்து பெறுதலே முறை. தாமே நிறுத்துதல் முறையன்று. புகையிலையை விடுதலும் நடைப்பயிற்சியும் மருந்தோடு சேரவேண்டியவை, அதற்கு ஈடாகமாட்டா.

வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என நான்காகப் பகுத்து, நோயாளியையே முதற்கண் வைத்தார். நான்காமவர் இடம் நம் மாணவர்க்கு உரியது. தந்தையாரின் மாத்திரைப் பெட்டியை விடுமுறைக்கு வீடு செல்லுங்கால் ஒருமுறை திறந்து பார்ப்பாராக. தீர்ந்துபோன அட்டை ஒன்று அங்கே கிடப்பின், அன்று மாலையே அதனை வாங்கி வைப்பாராக.