ஐந்து ஆண்டு விசா, ஓராண்டுக் காப்பீடு

பிள்ளைகள் வெளிநாட்டில் குடியேறிவிட்ட குடும்பங்களில், பெற்றோர் அங்கே போய்வருவதைச் சுற்றுலா என்று இப்போது சொல்ல முடியாது. மகளின் பிரசவம், பேரக்குழந்தையின் வளர்ப்பு என்று அது ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. தமிழர்கள் பெருமளவில் வாழும் கனடாவில் இதற்கென்றே 'சூப்பர் விசா' உள்ளது. பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்வதற்கான விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்து, புதியவற்றைப் பெறுவதே நிறுத்திவைக்கப்பட்ட சூழலில், 2011 டிசம்பரில் இது அறிமுகமானது. 10 ஆண்டுகள் வரை செல்லத்தக்க இந்த விசாவில், 2022 ஜூலை முதல் ஒவ்வொரு முறையும் 5 ஆண்டுகள் வரை தங்கலாம்.

இதற்கான நிபந்தனைகளில் முக்கியமானது மருத்துவக் காப்பீடு. குறைந்தது 1 லட்சம் கனடிய டாலருக்கு, நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஓராண்டுக்கு அது இருக்க வேண்டும். சிகிச்சை, மருத்துவமனை அனுமதி, தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவு ஆகியவை அதில் அடங்க வேண்டும். முன்பு கனடிய நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க முடிந்தது. 2025 ஜனவரி இறுதி முதல், அந்நாட்டு நிதிக் கண்காணிப்பு அமைப்பின் அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களிடமும் வாங்கலாம்.

இந்த நிபந்தனை யாருக்குப் பாதுகாப்பு என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கனடாவின் பொது மருத்துவத் திட்டம் வருகையாளர்களுக்குப் பொருந்தாது. வந்தவரின் சிகிச்சைச் செலவு அரசின் தலையில் விழக் கூடாது என்பதே நிபந்தனையின் நோக்கம். எனவே, காப்பீட்டுச் சான்று விசா அதிகாரிக்குப் போதுமானதாக இருப்பதும், நோய் வரும்போது அது குடும்பத்துக்குப் போதுமானதாக இருப்பதும் வெவ்வேறு விஷயங்கள்.

பொருளியல் மாணவர்கள் அறிந்த ஒரு கட்டுரை இதை விளக்கும். 1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதியபோது, 65 வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கிடைப்பது ஏன் கடினம் என்பதையும் அதில் ஆராய்ந்தார். தன் உடல்நிலை வாங்குபவருக்குத் தெரியும்; விற்பவருக்குத் தெரியாது. பிரீமியத்தை உயர்த்தினால், நோயை எதிர்பார்ப்பவர்களே வாங்க முன்வருவார்கள், ஆரோக்கியமானவர்கள் விலகிவிடுவார்கள். ஆகவே, நிறுவனங்கள் விலையை உயர்த்துவதோடு நிற்காமல், விதிவிலக்குகளையும் கேள்வித்தாள்களையும் வைத்துத் தற்காத்துக்கொள்கின்றன.

அவற்றில் நம் குடும்பங்களை அதிகம் பாதிப்பது, ஏற்கெனவே உள்ள நோய் குறித்த விதி. அறுபதைக் கடந்த நம்மில் பலருக்கு இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருக்கிறது. இத்தகைய நோய்களை ஏற்கும் ஒப்பந்தங்களும், காப்பீடு தொடங்குவதற்கு முந்தைய குறிப்பிட்ட காலம் - பெரும்பாலும் 90 முதல் 180 நாட்கள் - நோய் நிலையாக இருந்திருக்க வேண்டும் என்கின்றன. 'நிலையாக' என்பதற்கு ஒப்பந்தத்தில் தனிப் பொருள் உண்டு. புதிய மாத்திரை சேர்ப்பது மட்டுமல்ல, அளவைக் குறைப்பதும்கூடப் பல ஒப்பந்தங்களில் நிலையின்மையாகவே கருதப்படுகிறது. பயணத்துக்கு முன் மருத்துவரிடம் காட்டி மருந்தைச் சரிசெய்துகொள்வது நம் வழக்கம். உடலுக்கு நன்மை செய்யும் அதே செயல், அந்த நோய்க்கான காப்பீட்டை இழக்கச் செய்துவிடலாம்.

இரண்டாவது சிக்கல் காலம் பற்றியது. ஐந்து ஆண்டுகள் தங்கலாம். காப்பீடோ பொதுவாக ஓராண்டுக்கு எடுக்கப்படுகிறது. முதல் ஆண்டில் மாரடைப்பு வந்தால், அடுத்த ஆண்டு எடுக்கும் புதிய ஒப்பந்தத்தில் அதுவே 'ஏற்கெனவே உள்ள நோய்' ஆகிவிடும். மேலும், இவை பெரும்பாலும் அவசர சிகிச்சைக்கானவை. வழக்கமான பரிசோதனைகளும் தொடர் மருந்துகளும் இவற்றில் அடங்குவதில்லை. பயணம் செய்யும் அளவுக்கு நோயாளி தேறிவிட்டால், தாய்நாட்டுக்குத் திரும்புமாறு நிறுவனம் கோரலாம்.

இந்தியாவில் நிலைமை வேறு. முன்பு இழப்பீடு கோரினார் என்பதற்காக ஒருவரின் மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்க இங்கே மறுக்க முடியாது. 2024-ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டுகள். தொடர்ந்து 5 ஆண்டுகள் பிரீமியம் செலுத்தியவரின் கோரிக்கையை, நோயை மறைத்தார் என்று கூறி நிராகரிக்கவும் முடியாது. மோசடி நிரூபிக்கப்பட்டால் மட்டுமே விலக்கு. வெளிநாட்டில் இருக்கப்போகிறோமே என்று உள்நாட்டுப் பாலிசியைக் காலாவதியாக விடுவோர், திரும்பி வரும் நாளுக்கான பாதுகாப்பைக் கைவிடுகிறார்கள்.

என் வயதையொத்த நண்பர்கள் விமானக் கட்டணங்களை ஒப்பிடுவதில் காட்டும் அக்கறையில் பாதியையேனும் காப்பீட்டு ஒப்பந்தத்தை வாசிப்பதில் காட்டுவதில்லை. கேள்வித்தாளைப் பிள்ளைகள் அங்கிருந்தபடியே நிரப்பிவிடுகிறார்கள். அப்பாவின் நெஞ்சு வலி அவர்களுக்குத் தெரியாது. கவலைப்படுவார்களே என்று அம்மா சொல்லியிருக்கவும் மாட்டார். இழப்பீடு கோரும்போது நிறுவனம் பழைய மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும். சொல்லாமல் விட்டது தெரியவந்தால், முழுக் கோரிக்கையும் நிராகரிக்கப்படலாம்.

எனவே, கேள்வித்தாளைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து, மருந்துச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நிரப்ப வேண்டும். மருந்து மாற்றம் தேவையென்றால், அதைத் தள்ளிப்போடாமல் உடனே செய்துகொண்டு, நிலைத்தன்மைக் காலம் முடிந்த பின் பயணத்தை வைத்துக்கொள்வது நல்லது. விசா மறுக்கப்பட்டாலோ, முன்கூட்டியே திரும்பினாலோ பணம் திரும்பக் கிடைக்குமா, இடையில் ஊருக்கு வந்துபோனால் ஒப்பந்தம் தொடருமா என்பதை எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெற வேண்டும். மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு முதலில் தகவல் சொல்ல வேண்டும்; தவறினால் இழப்பீடு குறையக்கூடும்.

குடும்பங்களின் எச்சரிக்கையால் மட்டும் இது தீராது. பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளால்தான் பல இளம் தாய்மார்கள் வேலைக்குத் திரும்புகிறார்கள், வரி செலுத்துகிறார்கள். அந்த உழைப்பின் பலனைப் பெறும் நாடு, முதுமையின் அபாயம் முழுவதையும் குடும்பத்தின் மீதே சுமத்துகிறது. 'நிலையான நோய்' என்பதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான வரையறை, தங்கும் காலம் முழுவதற்குமான ஒப்பந்தம் - இந்த இரண்டையும் விசா விதிகளிலேயே சேர்க்க முடியும். ஐந்து ஆண்டுகள் தங்க அனுமதிக்கும் அரசு, ஐந்து ஆண்டுகளுக்கும் செல்லுபடியாகும் காப்பீடு சந்தையில் கிடைக்க வழிசெய்வதே முறை.