கொண்டை உறையாத கோழி!

குட்டீஸ்... நம் ஊரில் பொழுது சாய்ந்ததும், கோழிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து மூடினால் வேலை முடிந்தது. கனடா நாட்டின் க்யூபெக் மாநிலத்தில் அது நடக்காது. அங்கே ஜனவரி மாத இரவுகளில், குளிர் மைனஸ் 20 டிகிரி செல்சியசுக்கும் கீழே போவதுண்டு. வீட்டுத் தோட்டத்தில் நாலைந்து கோழி வளர்ப்பவர்கள், அவற்றை எப்படிக் காப்பாற்றுகின்றனர் தெரியுமா?

கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி. நம்மை விட 4 டிகிரி அதிகம். இறகுகளைச் சிலிர்த்து உப்பிக் கொள்ளும்போது, உள்ளே காற்று சிறைப்படும். அதுதான் கோழியின் ஸ்வெட்டர்! ஆனால், கொண்டைக்கும், தாடிக்கும் இறகு இல்லையே! கடுங்குளிரில் அவை உறைந்து, கறுத்து, நுனி உதிர்ந்து விடும். பெரிய கொண்டை உள்ள சேவலுக்கு ஆபத்து அதிகம்.

ஜன்னலை அடைக்காதே!

புதிதாகக் கோழி வளர்ப்பவர்கள், 'ஐயோ பாவம், குளிருமே...' என்று, கூண்டின் எல்லா ஓட்டைகளையும் அடைத்து விடுவர். அது பெரிய தவறு. கோழிகளின் மூச்சிலும், எச்சத்திலும் உள்ள ஈரம் வெளியேற முடியாமல், கொண்டையில் படிந்து உறையும். எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா வாயு, கண்களையும், நுரையீரலையும் கெடுக்கும். எனவே, கோழிகளின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டிக் காற்று வழி வைப்பர். ஈரக்காற்று மேலே ஏறி வெளியேறும். கோழிகள் மீது குளிர்காற்று வீசாது.

படுக்கையே கணப்பு!

தரையில் மரச்சீவலைக் கனமாகப் பரப்புவர். இதற்கு, 'ஆழ்கூளம்' என்று பெயர். எச்சமும், சீவலும் கலந்து, நுண்ணுயிர்களால் மெல்ல மட்கும்போது கொஞ்சம் வெப்பம் கிடைக்கும். கோழிகள் கிளறுவதால் கூளம் காற்றோட்டமாக இருக்கும்.

இரவில் உட்கார, சுமார் 4 அங்குல அகலமுள்ள தட்டையான கட்டை வைப்பர். அப்போதுதான் விரல்கள் முழுவதும் வயிற்று இறகுக்குள் மறையும். தண்ணீர் உறையாமல் இருக்க, சூடேற்றும் பாத்திரமும் உண்டு. சூடு தரும் விளக்கைத் தொங்க விட மட்டும் பலர் பயப்படுவர். அது கூளத்தில் விழுந்தால், கூண்டே எரிந்து விடும்!

துறவி தந்த கோழி!

க்யூபெக்கின் ஓகா மடத்தில் வாழ்ந்த துறவி வில்ஃப்ரிட் சட்லான், 'குளிரைத் தாங்கும் கோழி நம் நாட்டுக்கு வேண்டும்' என நினைத்தார். ஐந்து இனக் கோழிகளைப் பல ஆண்டுகள் கலந்து வளர்த்து, 1918ல், 'சாண்டெக்லர்' என்ற வெள்ளைக் கோழியை அறிமுகப்படுத்தினார். இதன் கொண்டையும், தாடியும் மிகச் சிறியவை. உறைவதற்கு ஒன்றுமில்லையே! கனடாவில் உருவாக்கப்பட்ட முதல் கோழி இனம் இதுதான்.

பாசம் மட்டும் இருந்தால் போதாது. வளர்க்கும் உயிருக்கு எது தேவை என்று தெரிந்திருக்கவும் வேண்டும். சரிதானே குட்டீஸ்!