வலிக்காத தாடை வீக்கம்

526 பற்கள்

2019 ஜூலையில் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில், ஏழு வயதுச் சிறுவனின் வலது கீழ்த்தாடையிலிருந்து சுமார் 200 கிராம் எடையுள்ள பை ஒன்றை எடுத்தார்கள். பிரித்து எண்ணியபோது உள்ளே 526 குட்டிப் பற்கள். 'ஒடோன்டோமா' என்ற சாதுவான கட்டி அது. பல் எண்ணிக்கைதான் தலைப்புச் செய்தியானது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: வீக்கத்தைப் பெற்றோர் முதலில் கவனித்தது அவனுடைய மூன்று வயதில்.

பொன்னுக்கு வீங்கியா?

நாமக்கல் மாவட்டச் சேந்தமங்கலம் பக்கம் குழந்தைக்குக் கன்னம் வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்பார்கள். கழுத்தில் தங்கச் சங்கிலி ஏறும். பொன்னுக்கு வீங்கி என்றால் காய்ச்சலும் வலியும் இருக்கும், பத்து நாளில் வற்றிவிடும். கட்டி வற்றாது, பெரும்பாலும் வலிக்கவும் வலிக்காது. முகம் ஒரு பக்கம் புடைப்பது, ஆடக்கூடாத வயதில் பல் ஆடுவது, விழுந்த இடத்தில் முளைக்காமலே இருப்பது எல்லாம் அடையாளங்கள். எக்ஸ்ரே பார்க்காமல் ஆடும் பல்லைப் பிடுங்கிவிட்டு வரவேண்டாம்.

புற்றுநோய் இல்லைதான், ஆனாலும்

அமிலோபிளாஸ்டோமா, ராட்சத செல் கட்டி போன்ற தாடைக் கட்டிகள் பொதுவாக வேறு உறுப்புக்குப் பரவுவதில்லை. ஆனால் தாடையை உள்ளிருந்தே அரித்து, எலும்பை முட்டை ஓடுபோல் மெலிதாக்கிவிடும். "கேன்சர் இல்லையாம்" என்ற நிம்மதியில் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

எவ்வளவு வெட்டுவது?

குழந்தை விஷயத்தில் இதுதான் சிக்கல். சுரண்டி மட்டும் எடுத்தால் திரும்ப வரலாம். தாடையையே வெட்டினால் வளரும் முகம் கோணும், முளைக்க வேண்டிய பற்களும் போய்விடும். அதனால் முதலில் சிறு துண்டு எடுத்துச் சோதித்துக் கட்டியின் வகையை உறுதிசெய்வார்கள். நீர்ப்பை போன்ற அமிலோபிளாஸ்டோமா என்றால் துளையிட்டு வடியவிட்டு, சுருங்கிய பிறகு எடுப்பதும் உண்டு. ராட்சத செல் கட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்ப்பார்கள். அதற்கு டெனோசுமாப் என்ற ஊசியும் இருக்கிறது. அதை நிறுத்தியபின் குழந்தைகளுக்கு ரத்தத்தில் கால்சியம் எகிறலாம் என்பதால் கவனம் தேவை. முகத்தைக் கோணலாக்கிய கட்டிக்கும், திரும்பத் திரும்ப வருவதற்கும் தாடையை வெட்ட வேண்டி வரலாம். பிறகு கால் எலும்பை எடுத்துத் தாடை கட்டுவார்கள். சென்னைச் சிறுவனுக்குத் தாடையை மேலிருந்து திறந்தே பையை எடுத்தார்கள். பக்க எலும்பை உடைக்காததால் தாடையைச் சீரமைக்கும் வேலையே வரவில்லை.

எங்கே போவது?

நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டலாம். பெரிய வேலை என்றால் சேலம், சென்னை. செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று அங்கேயே கேளுங்கள். தையல் பிரித்ததோடு முடிந்தது என்று ஊர் திரும்பிவிடக் கூடாது. அமிலோபிளாஸ்டோமா பத்து வருடம் கழித்தும் தலைகாட்டும். பழைய எக்ஸ்ரே படங்களைப் பத்திரப்படுத்தி, டாக்டர் சொன்ன தேதிகளில் காட்டி வரவேண்டும்.