கோழி அடையும் இடம்

உயிர்ப்புத் திருவிழாவுக்குப் பிந்திய வாரங்களில் வீடு மந்திரிக்கச் செல்லும்போது, திண்ணையும் நடுக்கூடமுமே நமக்குக் காட்டப்படுவது வழக்கம். கூட்டிப் பெருக்கி, சுரூபத்திற்கு மாலை சாத்தி வைத்திருப்பார்கள். கொல்லைப்புறத்தை யாரும் காட்டுவதில்லை. இம்முறை கிளைக் கிராமம் ஒன்றில் ஓர் அம்மாள், தீர்த்தம் தெளித்து முடிந்தவுடன், "சாமி, பின்னாலும் வந்து பாருங்கள். அந்த நாற்றத்தில் சம்மனசுகூட நிற்க மாட்டார்" என்று வற்புறுத்தி அழைத்துச் சென்றார்கள்.

நாற்றத்திற்குக் காரணம் வேலிக்கு அப்பால் இருந்த கோழிக்கூடு. அவ்வீட்டுத் தாய் கணவரை இழந்தவர். முட்டையும் குஞ்சும் விற்று வரும் காசில்தான் மகளின் பள்ளிச் செலவை ஒப்பேற்றி வருகிறார். சென்ற ஐப்பசி, கார்த்திகை மழையில் அவருடைய பன்னிரண்டு கோழிகளில் ஐந்து இறந்துபோயின. அடுத்த வீட்டார் கண் பட்டதுதான் காரணம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அது இவர்கள் காதில் விழுந்துவிட்டது. அன்று முதல் இரு வீட்டாருக்கும் பேச்சில்லை. ஞாயிறு திருப்பலியில் சமாதானம் பகிரும் வேளையில் ஒருவர் கிழக்கே பார்த்தால் மற்றவர் மேற்கே பார்ப்பதைப் பீடத்திலிருந்து நாமே கண்டதுண்டு. வேலியை நீக்கிச் சுவர் எழுப்பச் செங்கல்லும் வந்து இறங்கியிருந்தது.

நாம் குனிந்து அக்கூட்டினுள் பார்த்தோம். முழங்கால் உயரப் பலகைப் பெட்டி, மேலே தகரம், காற்று வர ஒரு சாண் சந்துகூட இல்லை. தரையில் எச்சம் அடையடையாகப் படிந்திருந்தது. அதன் மேலேயே கோழிகள் இரவெல்லாம் படுத்திருந்தன. "நாள்தோறும் அடுப்புச் சாம்பல் தூவுகிறேன் சாமி. கோழி என்று இருந்தால் நாற்றமும் இருக்கத்தானே செய்யும்?" என்றார் அவர். அவர் சோம்பேறி அல்லர். கோழி எங்கே உறங்க விரும்பும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நம் வீட்டுக் கோழியின் மூதாதை ஆசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. பகலெல்லாம் தரையைக் கிளறித் திரிந்தாலும், பொழுது சாயுமுன் அது மரக்கிளை ஏறிவிடும். இருட்டில் கோழிக்குப் பார்வை மங்கும். தரையிலோ பகை மிகுதி. நம் ஊர்க் கோழியும் விட்டுவிட்டால் முருங்கை மரத்திலோ தொழுவத்துக் கைமரத்திலோ ஏறி அடைவதை நாம் அறிவோம். அதைப் பிடித்துத் தரைப்பெட்டியில் அடைப்பது நாம்தான்.

ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிராம் எச்சமிடும். அதில் பெரும் பங்கு, பாதியளவுகூட, இரவில் உறங்குமிடத்திலேயே விழுகிறது. கோழிக்குத் தனியே சிறுநீர் இல்லை. எச்சத்தின் மேல் காணும் வெள்ளைப் பகுதியே அது. ஈரம் பட்டால் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியா ஆவியாக மாற்றுகின்றன. அந்த நெடி கோழியின் கண்ணையும் மூச்சுக் குழலையும் புண்ணாக்கும். நின்றுகொண்டு மோந்து பார்த்துப் பயனில்லை. கோழி உறங்கும் உயரத்திற்குக் குனிந்து பார்க்க வேண்டும். அங்கே நம் கண் எரிந்தால், அக்கோழி இரவு முழுதும் அந்த எரிச்சலில்தான் கிடக்கிறது.

இறந்த கோழிகளின் எச்சத்தில் இரத்தம் கண்டதாக அத்தாய் சொன்னார். விவரம் கேட்ட கால்நடை மருத்துவர், அது இரத்தக் கழிச்சலாக இருந்திருக்கலாம் என்றார். அந்நோயின் கிருமி எச்சத்தோடு வெளிப்படுகிறது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் வன்மை பெறுகிறது. கோழி எச்சத்தின் மேல் படுத்து, எழுந்து, அதையே கிளறித் தின்னும்போது நோய் சுற்றிச் சுற்றி வருகிறது. அடுத்த வீட்டார் கண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அடுத்த சனிக்கிழமை உபதேசியாரையும் பங்கு இளைஞர் இருவரையும் அழைத்துக்கொண்டு போனோம். குஞ்சுகள் வளர்ந்தால் மீண்டும் பன்னிரண்டு ஆகும் எனக் கணக்கிட்டோம். ஒரு நாட்டுக்கோழி அமர 8 அங்குலம் வேண்டும். பன்னிரண்டுக்கு 8 அடி. ஆகவே 4 அடி நீளத்தில் இரண்டு சவுக்குக் கம்புகள். கனம் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம். பட்டையை உரித்து, சிம்பு நீக்கி வழவழப்பாக்கியவை. பட்டையின் அடியில்தான் கோழிச்செள் பகலில் ஒளிந்து, இரவில் வெளிவந்து இரத்தம் குடிக்கும். கம்பை ஆணியடித்து இறுக்காமல், இருபுறமும் வெட்டிய பள்ளத்தில் வைத்தோம். மாதம் ஒருமுறை தூக்கி வெயிலில் போட்டு, முனைகளில் வேப்பெண்ணெய் தடவலாம் அல்லவா?

இரண்டு கம்புகளும் ஒரே உயரம்: தரையிலிருந்து இரண்டரை அடி. ஏணிபோல் ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்தினால், மேல் கம்புக்கு எல்லாக் கோழிகளும் சண்டையிடும். கீழே இருப்பது மேலிருப்பதன் எச்சத்தில் நனையும். கோழிகளிடையேயும் முதலிடத்திற்குப் போட்டி உண்டு. பங்குப் பேரவைத் தேர்தலைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பிராது. பின்சுவருக்கும் கம்புக்கும் ஓர் அடி, கம்புக்கும் கம்புக்கும் ஓர் அடி இடைவெளி விட்டோம். முட்டையிடும் பெட்டி கம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். உயர்ந்திருந்தால் கோழி அதிலேயே உறங்கி முட்டையை அசுத்தமாக்கும். கூட்டின் மேற்பகுதியில் இருபுறமும் பலகையை எடுத்துவிட்டு, கீரி நுழையாத கம்பிவலை அடித்தோம்.

கம்புக்கு அரையடி கீழே, 4 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள பலகைத் தட்டு ஒன்றை வெளியே இழுக்கும்படி அமைத்தோம். அதன்மேல் ஓர் அங்குலம் உலர்ந்த உமி. காலையில் கோழியைத் திறந்துவிட்டபின், பழைய தகரத் துண்டு ஒன்றால் எச்சத்தை வழித்து எடுத்துவிட்டு, ஒரு கை உமி தூவ வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஆனால் நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை.

இவற்றையெல்லாம் நாம் நூலில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. பங்கு இல்லத்துக் கொல்லையில் முதன்முதலில் கோழி வளர்த்தபோது, பந்தலில் மிஞ்சிய இரும்புக் குழாயைக் கம்பாக வைத்தோம். வழுக்கலில் கால் ஊன்ற முடியாமல் இரண்டு கோழிகளுக்குப் பாதத்தில் கட்டி வந்தது. நாற்றம் போக்கச் சுண்ணாம்பு தூவினோம். சற்று நேரத்தில் உள்ளே நிற்க முடியவில்லை. சுண்ணாம்பின் காரம் எச்சத்தில் உள்ள அம்மோனியாவை விரட்டி வெளியேற்றும் என்பது பிறகே தெரிந்தது. அடுப்புச் சாம்பலும் அதே இனம். கோழி புரண்டு பேன் உதிர்க்கச் சாம்பற்குழி நல்லது. எச்சத்தின் மேல் கொட்ட உமியே நல்லது. வழித்த எச்சத்தை அன்றே கத்தரி நாற்றுக்குப் போட்டது நமது மூன்றாவது அறிவுடைமை. ஒரு வாரத்தில் நாற்று முழுவதும் கருகியது.

கோழி எருவில் மாட்டுச் சாணத்தைவிடத் தழைச்சத்து மிகுதி. பச்சையாகப் போட்டால் வேரைச் சுடும். ஒரு பங்கு எச்சத்திற்கு மூன்று பங்கு சருகோ வைக்கோலோ கலந்து, பிழிந்த துணியளவு ஈரத்தில் மட்க விட வேண்டும். தொட்டி இரண்டு தேவை. ஒன்று நிறைந்ததும் மூடி, நான்கு மாதம் தொடாமல் வைத்து, அதற்குள் மற்றதை நிரப்பலாம். பச்சை எருவில் மனிதரின் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகளும் இருப்பதால் கீரைப் பாத்திக்கு அது ஆகவே ஆகாது. காய்க்காத அத்திமரத்தைக் கொத்தி எருப்போட இன்னும் ஓர் ஆண்டு கேட்ட தோட்டக்காரரைப் பற்றி (லூக்கா 13) எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். அவர் ஏன் ஓர் ஆண்டு கேட்டார் என்பது கத்தரி நாற்று கருகிய பிறகே நமக்கு உறைத்தது.

அக்கொல்லையில் தொட்டி கட்டச் செங்கல் இல்லை. உபதேசியார் வேலிக்கு அப்பால் அடுக்கியிருந்த கற்களைப் பார்த்தார். நாம் எதுவும் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து அந்த அம்மாள், "எடுத்துக்கொள்ளட்டும் சாமி. எரு மட்கினால் என் வாழைக்கு இரண்டு கூடை வேண்டும்" என்றார்கள். இருவரும் மனம்விட்டுப் பேசிக்கொள்கிறார்கள் என்று இன்னும் சொல்வதற்கில்லை. எருவைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள்.

இனி இரண்டு எச்சரிக்கைகள். கம்பும் தட்டும் வெள்ளைக் கழிச்சலைத் தடுக்கமாட்டா. அதற்குத் தடுப்பூசி வேண்டும், கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டில் மகாராட்டிரத்து நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டதுமுதல் நம் நாட்டில் அந்நோயும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. ஆகவே உலர்ந்த எச்சத்தைக் கூட்டும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, பின் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். பல கோழிகள் ஒரே சமயத்தில் திடீரென மடிந்தால் தொடாமல் மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

ஐப்பசி பிறந்தால் உலர்ந்த உமி கிடைப்பது அரிது. புரட்டாசியிலேயே இரண்டு மூட்டை வாங்கி நனையாத இடத்தில் வைத்துக்கொள்ளும்படி அத்தாயிடம் சொல்லியிருக்கிறோம்.