தலையில்லாத ஆணியைத் திருகுவது எப்படி?

மாணவர்களே, வீட்டில் மோட்டார் சைக்கிள் இருந்தால், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு அருகில் குனிந்து பாருங்கள். புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் பெரும்பாலும் இரண்டு நட்டுகள் தெரியும். அவற்றைத் தாங்கி நிற்கும் சிறு கம்பிக்குப் பெயர் ‘ஸ்டட்’. போல்ட்டுக்குத் தலை உண்டு. ஸ்டட்டுக்குத் தலை இல்லை. இரு முனைகளிலும் மரைதான். ஒரு முனை எஞ்சினுக்குள் திருகப்பட்டிருக்கும். மறுமுனையில் நட் ஏறும்.

ஏன் போல்ட்டையே பயன்படுத்தவில்லை? எஞ்சினின் தலைப்பகுதி பொதுவாக அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் எஃகைவிட மென்மையானது. போல்ட்டைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் எஃகு மரை அலுமினிய மரையை உரசும். நாளடைவில் அலுமினிய மரை தேய்ந்து, போல்ட் பிடிப்பின்றிச் சும்மா சுற்றும். ஸ்டட்டோ அசையாமல் இருக்கும். நட்டை மட்டும் கழற்றுகிறோம். தேய்வதும் நட்டும் ஸ்டட்டும்தான். அவற்றை எளிதாக மாற்றிவிடலாம்.

சரி, பழுதான ஸ்டட்டுக்குப் பதிலாகப் புதியதைத் திருக வேண்டும். தலையே இல்லை, ஸ்பேனரை எங்கே மாட்டுவது?

பலர் உடனே பிளேயரைத் தேடுவார்கள். வேண்டாம்! பிளேயரின் பற்கள் மரையை நசுக்கிவிடும். பிறகு நட் ஏறாது. மரையில்லாத நடுப்பகுதியைப் பிடித்தாலும் கீறல் விழும். எஞ்சின் அதிரும்போது அந்தக் கீறலில் தகைவு குவியும். சிறு விரிசல் வளர்ந்து ஒருநாள் ஸ்டட் முறியும். உள்ளே சிக்கிய துண்டைத் துளையிட்டு எடுப்பது பெரும்பாடு.

பட்டறைக்காரர்களின் எளிய வழி, இரண்டு நட்டுகள். இரண்டையும் ஸ்டட்டின் வெளிமுனையில் ஏற்றி, இரண்டு ஸ்பேனர்களால் ஒன்றோடொன்று நெருக்கி இறுக்குவார்கள். அவை ஒன்றையொன்று தள்ளுவதால் மரையில் உராய்வு மிகுந்து, ஸ்டட்டோடு பூட்டிக்கொள்ளும். இப்போது ஸ்டட்டுக்குத் தற்காலிகத் தலை கிடைத்துவிட்டது! மேல் நட்டை வலப்புறம் திருப்பினால் ஸ்டட் உள்ளே இறங்கும். வேலை முடிந்ததும் கீழ் நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மேல் நட்டைத் தளர்த்தினால் போதும்.

நிறைய ஸ்டட்டுகளை மாட்டும் இடங்களில் இதற்கென்றே ஒரு கருவி உண்டு. பார்ப்பதற்கு ஸ்பேனர் சாக்கெட் போல இருக்கும். ஒரு வகையில், உள்ளே சிறு உருளைகள் இருக்கும். அவற்றைச் சுற்றியுள்ள சுவர் முழு வட்டமாக இல்லாமல் சரிவாகக் குறுகிச் செல்லும். கருவியைத் திருப்பினால் உருளைகள் அந்தச் சரிவில் நகர்ந்து, ஸ்டட்டின் வழவழப்பான நடுப்பகுதியை நெருக்கும். அதிகம் திருப்பினால் பிடியும் அதிகம். எதிர்ப்புறம் திருப்பினால் பிடி தளரும். பிளேயரைப் போல் பற்கள் இல்லாததால் ஆழமான கீறல் விழாது. நீங்கள் படித்த சாய்தளமும் ஆப்பும்தான் இங்கே வேலை செய்கின்றன.

இனி ஒரு கணக்கு. 8 மி.மீ. ஸ்டட்டில் உள்ள நட்டை, 20 செ.மீ. ஸ்பேனரின் முனையில் 100 நியூட்டன் விசை கொடுத்து இறுக்குகிறீர்கள். படிவம் 2-இல் படித்த ‘மொமென் டாயா’ நினைவிருக்கிறதா? 100 × 0.2 = 20 நியூட்டன் மீட்டர். ஒரு முழுச் சுற்றில் உங்கள் கை ஏறக்குறைய 1,257 மி.மீ. நகரும், நட் நகர்வதோ 1.25 மி.மீ.தான். ஆக, விசை சுமார் 1,000 மடங்கு பெருக வேண்டும். அதாவது 100,000 நியூட்டன்! ஆனால், எண்ணெய் தடவாத எஃகு மரையில் உண்மையில் கிடைப்பது சுமார் 12,500 நியூட்டன்தான். மீதியை உராய்வு விழுங்கிவிடுகிறது.

அதுவே 1,250 கிலோகிராம் பொருளின் எடைக்குச் சமம். ஒரு மைவி காரின் எடையைவிட அதிகம்! மரையில் எண்ணெய் தடவிவிட்டு அதே அளவு இறுக்கினால், உராய்வு குறைந்து, ஸ்டட்டை இழுக்கும் விசை இன்னும் கூடும். ஸ்டட் நீண்டு முறியவும் கூடும். அதனால்தான் எவ்வளவு இறுக்க வேண்டும், எண்ணெய் தடவலாமா என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்க்க வேண்டும். உராய்வை எதிரியாகவும் எண்ணிவிடாதீர்கள். ஓடும் வண்டியில் நட் தானாகக் கழன்று விழாமல் காப்பதும் அதே உராய்வுதான்.

நீங்களே செய்து பாருங்கள்: நீளமான ஒரு போல்ட்டையும் அதற்கேற்ற இரண்டு நட்டுகளையும் எடுத்து, மேலே சொன்னபடி பூட்டுங்கள். பிறகு இந்தக் கேள்விக்கு விடை தேடுங்கள். ஸ்டட்டை உள்ளே திருக மேல் நட்டைத் திருப்பினோம். வெளியே எடுக்கும்போது மட்டும் கீழ் நட்டை இடப்புறம் திருப்ப வேண்டும். ஏன்?

ஒரு குறிப்பு: இடப்புறம் திருப்பினால் ஒவ்வொரு நட்டும் எந்தத் திசையில் நகர முயலும் என்று யோசியுங்கள். எது பூட்டை இறுக்கும், எது தளர்த்தும் என்பது உங்கள் கையிலேயே தெரிந்துவிடும்.